கொக்குப் படை ஊர் திரும்பியது

போரிலிருந்து வெளியேற ஜனாதிபதியிடம் ஒரு திட்டம் இருந்தது. என்ன திட்டம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் எதிரி உஷாராகிவிடுவானாம். அமெரிக்காவின் டகோமா நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஆர்வித் நோர்லின் அந்தத் திட்டத்துக்காகவே அவருக்கு ஓட்டுப் போட்டார். ஒரே மகன் டேலுக்குப் பத்தொன்பது வயது. அவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவதற்குள் போர் முடிந்துவிடும் என்று நம்பினார். போர் முடியவில்லை. மார்ச் மாதம் டேலைக் கூப்பிட்டார்கள், வியட்நாமுக்குப் போனான்.

வாரந்தவறாமல் கடைக்கு வந்து, மிச்சமிருந்த பதினைந்து முடிகளைச் சீர்செய்துகொண்டு போகும் மிலோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆர்வித் மாட்டியிருந்த ஜனாதிபதி படத்தைப் பார்க்காமல் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது. பார்த்துவிட்டால் சும்மா இருக்கவும் முடியாது.

"யோவ் ஆர்வித், உன் ஆளோட திட்டம் எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னாரே, நிஜமாவே தெரியல போல. பாவம், இன்னும் சுட்டுக்கிட்டே இருக்கான்."

"காதுகிட்ட கத்தி இருக்கு. ஆடாம உக்காரு."

ஜூன் மாதம் திட்டம் வெளியே வந்தது. படைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெறப் போவதாகவும், முதலில் வரப்போவது எழுபத்திரண்டாம் படைப்பிரிவு என்றும் ஜனாதிபதி தொலைக்காட்சியில் அறிவித்தார். அந்தப் பிரிவுக்குத் தோளில் நீலக் கொக்குச் சின்னம். டேல் அனுப்பிய போட்டோவிலும் அதே கொக்கு, ஒற்றைக் காலில் நின்றது.

ஆர்வித் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கை கொடுக்கப் போனார். மனைவி இர்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்ததால் இடமில்லை.

மறுநாள் கடை வாசலில் அட்டை தொங்கியது: 'கொக்குப் படை வீரர்களுக்கு முடிவெட்டு இலவசம்.' மிலோ அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் பையன் வர்றான்னா, சரிய்யா, உன் ஆளு நல்லவன்தான்" என்றார். ஜனாதிபதிக்கு அந்த வட்டாரத்தில் கிடைத்த மிகப் பெரிய ஆதரவு அதுதான்.

அப்புறம் மூன்று வாரமாகக் கடிதம் இல்லை.

"என்னங்க, ஒரு வரிகூட எழுதல" என்றாள் இர்மா.

"வரப்போறவன் எதுக்கும்மா லெட்டர் போடணும்?"

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. டேலின் சட்டைகளை எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டாள். ஜூலையில் கொக்குப் படை வந்து இறங்கி, ஊர்வலம் நடந்தது. பேண்டு வாத்தியம் முழங்க, பெண்கள் ரோஜா நீட்ட, வீரர்கள் வரிசை வரிசையாகப் போனார்கள். ஆர்வித்துக்கு முகங்களைவிடப் பின்கழுத்துகள் நன்றாக அடையாளம் தெரியும். தொப்பிக்குக் கீழே தெரிந்த ஒவ்வொரு கழுத்தையும் பார்த்தார். கடைசி வரிசையும் போய், அதன் பின்னால் தெருக்கூட்டும் வண்டியும் போயிற்று.

"வேற விமானத்துல வருவானோ?" என்றாள் இர்மா, உதிர்ந்து கிடந்த ரோஜா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஆமா. எல்லாரையும் ஒண்ணாவா ஏத்த முடியும்?"

மறுநாள் காலை, அட்டையைப் பார்த்து ஒரு பையன் கடைக்குள் வந்தான். பேர் டெல்பர்ட், நெப்ராஸ்கா மாநிலத்துக்காரன். தோளில் கொக்கு. ஆர்வித் துண்டைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"தம்பி, டேல் நோர்லின்னு, உன் படைதான். தெரியுமா?"

"எனக்கு இதுல யாரையுமே தெரியாது சார். சேர்ந்து பதினோரு நாள்தான் ஆச்சு."

"பதினோரு நாள்ல உன்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"நான் போய் வருஷமாகப் போகுது சார். வேற பிரிவுல இருந்தேன். ஒரு வருஷக் கெடு முடியப்போற எங்களையெல்லாம் பிடிச்சு இதுல போட்டாங்க. புதுசா வந்தவங்களை இதுலேருந்து எடுத்து எங்க இடத்துக்கு அனுப்பிட்டாங்க. கொடியும் வீட்டுக்கு வரணும், சண்டையும் நடக்கணும் இல்லையா?"

ஆர்வித் சோப்பு நுரையைக் கலக்கினார். டேல் போய் நாலு மாதம். நுரை பொங்கிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிய பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். அதற்குள் மிலோ வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பையனின் பின்கழுத்தில் நுரை தடவிக் கத்தியை வைக்கும்போது இர்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் கடிதம்.

"என்னங்க, அவனை வேற பிரிவுக்கு மாத்திட்டாங்களாம். எல்லைப் பக்கம் ஏதோ மலையாம், ஆந்தை மலைன்னு கூப்பிடுவாங்களாம். காத்திருக்காதீங்கன்னு எழுதியிருக்கான்." அப்போதுதான் கொக்கைப் பார்த்தாள். "தம்பி, நீ அங்கேருந்துதானே வர்றே? அந்த மலை எப்படிப்பா?"

பையன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"நல்ல இடம்மா. அமைதியா இருக்கும். கொசுதான் ஜாஸ்தி."

ஆர்வித்தின் கத்திக்கடியில் கழுத்து நரம்பு கயிறு மாதிரி விறைத்தது. இருபத்தெட்டு வருஷத் தொழில். மனிதர்கள் நாக்கால் என்ன சொன்னாலும் கழுத்து ஒத்துழைக்காது என்பது அவருக்குத் தெரியும். கத்தியைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார்.

"கொசுதானே" என்றாள் இர்மா. முகம் கொஞ்சம் தெளிந்தது. "கொசுவலை அனுப்பிடலாம். நீ போயிடாத தம்பி, வீட்ல இறைச்சி உருண்டை செஞ்சு வெச்சிருக்கேன். அவனுக்காகச் செஞ்சது, வீணாப் போகுது."

கதவு மணி ஒலிக்க அவள் ஓடினாள்.

"உனக்கு அந்த மலை தெரியும்" என்றார் ஆர்வித்.

"நான் இருந்ததே அங்கதான் சார்." பையனின் குரல் துண்டுக்குள் போய்விட்டது. "என் இடத்துக்குத்தான் அனுப்பியிருக்காங்க. நான் கேட்கல சார். லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, வண்டில ஏறுன்னாங்க."

"எத்தனை பேர் இருந்தீங்க?"

"போனப்போ நூத்திப்பத்து. வண்டி ஏறினப்போ மிச்சம் ஒன்பது பேர்."

மிலோ எழுந்தார். கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று ஆர்வித் காத்திருந்தார். மிலோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ஆர்வித் குனிந்து பையனின் கழுத்தை மழித்தார். மெதுவாக, ஒரு கீறல் விழாமல், டேல் கிளம்புவதற்கு முந்தின நாள் அவனுக்கு மழித்த மாதிரி. வெந்நீர்த் துணியால் துடைத்து, பவுடர் போட்டு, துண்டை உதறினார்.

"தம்பி, அவ தட்டோட வருவா. வயிறு நிறைய சாப்பிடணும்."

"என்னால முடியாது சார்."

"முடியும். மலையைப் பத்தித் திரும்பத் திரும்பக் கேட்பா. கொசுன்னு சொல்லு. பெரிய கொசுன்னு சொல்லு. ஆனா அவளுக்கு எதிர்ல உக்காரு, முதுகைக் காட்டாத. இத்தனை வருஷம் என்கூட இருந்து அவளுக்கும் கழுத்தைப் படிக்கத் தெரிஞ்சிருக்கும்."

பையன் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தெருவில் இர்மா வருவது தெரிந்தது. இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்திருந்தாள், மேலே கட்டியிருந்த துணி காற்றில் அவிழாதபடி முகவாயால் அழுத்திக்கொண்டு.