கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்காலி

“உடைச்சது நான்தான், சரி. அதை மேடைக்கு அனுப்பினது யாரு?”

“ரெண்டும் அச்சு அசலா இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானே!”

கலைக்கட்டடமே அதிர்ந்தது. வலப்பக்கம் நாடக அரங்கு. அங்கே கணவர் தச்சர். இடப்பக்கம் அருங்காட்சியகம், அங்கே அவர் மனைவி தற்காலிகப் பொறுப்பாளர். நடுவில் டிக்கெட் ஜன்னலில் இருந்த நாங்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டு காதைத் தீட்டினோம்.

நாடகத்துக்கு ஓர் அரச நாற்காலி வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்தின் பழைய நாற்காலியைப் பார்த்து அப்படியே செய்தார் தச்சர். வண்ணம் ஒத்துப்பார்க்க அசலைக் கொஞ்சம் பட்டறைக்குக் கொடு என்றார். கட்டினவர் கேட்டால் மாட்டேன் என்பாரா அந்தம்மா? கொடுத்தார். பிறகு ஒன்றைத் தானே தூக்கிவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். மற்றது மேடை ஏறியது.

நாடகம் முடிந்ததும் மேடைச் சாமானை உடைத்து, பலகையை அடுத்த நாடகத்துக்கு எடுத்துவைப்பது அரங்கின் வழக்கம். தச்சர் சுத்தியலால் நாலு போடு போட்ட பிறகுதான் பார்த்தார். உள்ளே ஆணியே இல்லை, எல்லாம் மரமுளை. அவர் செய்ததிலோ ஆணிக்குப் பஞ்சமே இல்லை.

சத்தம் கேட்டு, இரண்டு பக்கத்துக்கும் தலைவரான முதல்வர் வந்தார். “உடைஞ்சது நாடகச் சாமான். நம்ம நாற்காலி பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. அவ்வளவுதான்.”

“சார், அதுல வார்னிஷ் வாசனைகூட இன்னும் போகல!”

“பூட்டி வச்சா போயிடும்மா. இத்தனை வருஷமா கேட்ட காப்பாளர் பதவி உங்களுக்குத்தான். நீங்களே கெடுத்துக்காதீங்க.”

பதவி வந்தது. அந்தம்மா தினமும் பெட்டி முன் நின்று அந்த நாற்காலியின் பழம்பெருமையைச் சொல்வார். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். தச்சர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்பார். அவர் வேலையை அதற்கு முன் யார் நின்று பார்த்தார்கள்?

ஒருநாள் வந்தவர்களில் ஒருத்தி, “யாரு செஞ்சதோ, என்ன கைடா சாமி!” என்றாள். தச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை மனைவி பார்த்துவிட்டார். சாவியை எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அரசனாக நடித்தவன் எங்கள் டிக்கெட்காரியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனான். தான் எதில் உட்கார்ந்தோம் என்று இன்றுவரை தெரியாது. அந்தம்மா தன் அக்கா ஊரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாராம், விவாகரத்தும் ஆகிவிட்டது. தச்சர் எங்கும் போகவில்லை, வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. பெட்டிக் கண்ணாடியை இப்போது அவர்தான் துடைக்கிறார்.