சண்டை போட ஒரு லத்தீன்

எங்கள் மலையூரான சிம்பலோமாவில் செத்தவர்கள் ஒன்பதாம் நாளோடு ஸ்பானிஷ் மொழியை மறந்துவிடுவார்கள். பத்தாம் நாளிலிருந்து அவர்களுக்கு லத்தீன் மட்டும்தான் வரும். கையெழுத்துப் போடத் தெரியாத கூலிக்காரன் ஆனாலும், மலைக்காரர்களின் பழைய கிச்சுவா தவிர வேறு பேச்சே அறியாத ஆட்டிடையன் ஆனாலும், குடித்தே செத்த தபால்காரன் ஆனாலும் இதில் வித்தியாசம் கிடையாது. திங்கட்கிழமை அவர்களுடைய நாள். காலைப் பூசை மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து, உயிரோடு இருந்தபோது உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, மாலை மணி வரை இருந்துவிட்டுப் போவார்கள். வருகிறவர்களுக்கு மரியாதையாக அன்றைக்கு ஊரில் எல்லாக் கதவுகளும் அகலத் திறந்தே கிடக்கும். அவர்கள் முன்னால் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப் வைப்போம். செத்தவர்களால் ஒரு கோழி இறகைக்கூட நகர்த்த முடியாது என்பதால் வாசனையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பதுண்டு. அந்த வருஷம் உருளைக்கிழங்கு விலை ஏறியதுதான் எங்களுக்குப் பெரிய செய்தி.

வந்தவர்கள் சும்மா இருக்கவும் மாட்டார்கள். வலது கையைத் தூக்கி வாசலைக் காட்டி, மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து நிற்க வேண்டும், பதில் பேசக் கூடாது என்பது முறை. ஊரில் லத்தீனில் பூசை வைப்பவர் பாதிரியார் எலியோதோரோ ஒருவர்தான். ஆகவே செத்தவர் சொல்வதும் அவருக்குத்தான் புரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. திங்கட்கிழமை முழுவதும் அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சொல்வார். வாசலுக்கு வெளியே தெரியும் வயலைக் கோயிலுக்கு விடச் சொல்கிறார் உன் அப்பா என்பார். எதிரே தெரியும் யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டி மணிக்கூண்டுக்குக் கொடுக்கச் சொல்கிறார் என்பார். சேவல் சண்டை நடக்கும் இடம் தவிர வேறெங்கும் கால் வைக்காத மெலித்தோன்கூட, செத்த மறுமாதம் ஞானஸ்நானத் தொட்டி ஒன்று கொடுத்தான். முப்பது வருஷமாக இப்படித்தான் எங்கள் ஊரில் செத்தவர்கள் பக்திமான்களாக இருந்தார்கள்.

கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்த பெலிசாரியோ மழையில் பள்ளத்தாக்குப் பாதையில் போய், கழுதையோடு விழுந்து செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் மகள் எர்லிந்தாவுக்குப் பன்னிரண்டு வயது. ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பாதிரியார் அவன் எதிரில் நின்று கேட்டுவிட்டு, அவன் பெண்டாட்டி தொமித்திலாவிடம் திரும்பினார். பெலிசாரியோ நகரத்துக்குப் போகும் சாலையைக் காட்டுகிறான், பெண்ணைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பச் சொல்கிறான், நவம்பரில் கல்லறைத் திருநாளை ஒட்டி மடத்து வண்டி வரும் என்றார். மடத்துச் சலவைக்கூடத்துக்குப் பெண் வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது ஊருக்கே தெரியும். அங்கே போன பெண்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பதும் தெரியும். செத்தவன் வாக்கு என்றால் சட்டம். ஊரில் யாரும் அதை மறுத்ததில்லை.

தொமித்திலா அன்று அழவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, நேரே முடிதிருத்துகிற வெனான்சியோவிடம் போனாள். அவன் பாதிரியாராக வேண்டிக் குருமடத்தில் ஐந்து வருஷம் படித்துவிட்டு, ஜெபத்தின் நடுவே சிரித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவன். அவனிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது.

"வெனான்சியோ அண்ணே, எனக்கும் என் பொண்ணுக்கும் லத்தீன் வேணும். வீட்டுலயே படிச்சுக்கறோம். எந்தப் புத்தகம் நல்லதுன்னு சொல்லுங்க."

"எதுக்கு தாயி? அவரு சொல்றதத்தான் சாமி சொல்றாரே."

"அவரு வாயாலயே கேக்கணும்."

"கேட்டு, நெஜமாவே அவரு அப்படித்தான் சொல்றாருன்னா?"

"அப்பறம் அவர்கூடச் சண்டை போடணும். அதுக்குத்தான் லத்தீன்."

வெனான்சியோ முதலில் கொடுத்தது இலக்கணம். தொமித்திலா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் சண்டை போட முடியுமா என்று கேட்டாள். இது அன்பு செய்வதிலிருந்து தொடங்கும், சண்டை எழுபதாம் பக்கத்துக்கு மேல் வரும் என்றான் அவன். அம்மாவும் பெண்ணும் அடுப்படியில் உட்கார்ந்து நான் அன்பு செய்கிறேன், நீ அன்பு செய்கிறாய் என்று ஒப்பிக்கத் தொடங்கியதும் வீட்டில் கறிக்கு வளர்த்த கினிப்பன்றிகள் ஆறு ஆறாக வரிசையில் நின்றன. ஒரு வாரத்தில் இரை எடுப்பதை விட்டன. இரண்டாவது வாரத்தில் குட்டி போடுவதை விட்டன. திங்கட்கிழமை பெலிசாரியோ முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கண் அசந்துபோனான். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அவன் முகத்தைவிட நல்ல அளவுகோல் இல்லை என்று தொமித்திலா அன்றைக்குக் கண்டுகொண்டாள். இலக்கணம் திரும்பிப் போனது.

அடுத்து வந்தது பூசைப் புத்தகம். அதைத் திறந்தாலே இருவருக்கும் முழங்கால் தானாக மடங்கியது. தண்ணீர்க் குடத்தோடு வந்த எர்லிந்தா நடுத்தெருவில் மண்டியிட்டுவிட்டாள். அதைவிட மோசம், யார் எது கேட்டாலும் இருவர் வாயிலும் சரி என்றே வந்தது. ஒரே வாரத்தில் அக்கம்பக்கத்தார் ஒரு கோழி, ஒரு மண்வெட்டி, பெலிசாரியோவின் நல்ல கம்பளி மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். புத்தகத்தைப் படித்துக் காட்டியபோது பெலிசாரியோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. "இந்தப் புத்தகம் வீட்ல இருந்தா எப்பவும் நாந்தான் தோப்பேன்" என்று சொல்லி அதையும் கொண்டுபோய் வைத்தாள்.

மூன்றாவது, மருந்துக் கடை ஜாடிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள். கடைக்காரர் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள விட்டார். எர்லிந்தா எந்த ஜாடியின் பெயரைப் படித்தாளோ அந்த ஜாடி தீர்க்கும் வியாதி மறுநாள் அவளுக்கு வந்தது. வரிசைப்படி வயிற்றுவலி, காதுவலி, வறட்டு இருமல் என்று வந்து, படர்தாமரைக்கு முந்தின நாள் தொமித்திலா தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பெலிசாரியோ முன் அதைப் படித்தபோது அவன் பயந்துபோய்த் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான், பாவம்.

ஜூலை பிறந்துவிட்டது. வேறு வழி தோன்றாமல் வெனான்சியோவையே ஒரு திங்கட்கிழமை கூட்டிவந்து பெலிசாரியோ எதிரில் நிறுத்தினாள். அவன் காதில் கையை வைத்து அரைமணி கேட்டான். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஒத்த வார்த்த பிடிபடல தாயி. குருமடத்துல யாரும் இப்படிப் பேசினதில்ல. ஆறாவது வருஷத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்களோ என்னவோ."

தொமித்திலாவுக்கு வந்த கோபத்தை எங்கள் தெரு இன்றும் பேசும். ஆறு மாதம், மூன்று புத்தகம், குட்டி போடாத கினிப்பன்றிகள், பெண்ணின் இருமல். முறையாவது ஒன்றாவது என்று குனிந்த தலையை நிமிர்த்தி, சூப் கிளறிக்கொண்டிருந்த மரக்கரண்டியைத் தூக்கிப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்ன?" என்று கத்தினாள். வாசலில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெலிசாரியோ பேச்சை நிறுத்தினான். கரண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒரே ஒரு சொல் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். அவன் நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொல்லிவிட்டு, செத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு பானை, நெருப்பு, சாம்பல், தொப்பி, கினிப்பன்றி. மக்காச்சோளக் கதிரைக் காட்டியபோது மட்டும், லத்தீனில் அதற்குச் சொல் இல்லாததால் தயங்கி, எங்கள் பழைய கிச்சுவாப் பெயரையே சொன்னான். மாலை மணிக்குள் முப்பத்தொரு சொல் சேர்ந்தது. எர்லிந்தா ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தில் கரியால் சுவரில் எழுதினாள். அதுதான் அவர்கள் தேர்ந்தெடுத்த புத்தகம்.

அடுப்பிலிருந்து தொடங்கிச் சுவர் சுவராக லத்தீன் பரவியது. ஊற்றுவதற்கும் உடைப்பதற்கும் சொல் வேண்டியிருந்ததால் தொமித்திலா ஊற்றினாள், உடைத்தாள். வீட்டில் இரண்டே தட்டுகள் மிஞ்சின. செய்தி கேட்டுப் பாதிரியார் கோயில்பிள்ளையை அனுப்பிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அவனும் அடித்துவிட்டுப் போனான். சனிக்கிழமைக்குள் எழுத்தெல்லாம் முன்னைவிடக் கறுப்பாக மேலே வந்தது. கோயில்பிள்ளையின் வீட்டுச் சுவரிலும் அடுப்புக்குப் பக்கத்தில் அடுப்பு என்றும், கட்டிலுக்குப் பக்கத்தில் சோம்பேறி என்றும் லத்தீனில் எழுதியிருந்தது. அவன் பிறகு சுண்ணாம்பு வாளியைத் தொடவில்லை.

அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை தொமித்திலா கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆறேழு சொல்லைச் சேர்த்துப் புருஷனிடம் கேட்டாள்: பெண், நகரம், கன்னியர், நீ சொன்னாய், ஏன்? பெலிசாரியோ முழித்தான். எந்தக் கன்னியர் என்று கேட்டான். பிறகு வழக்கம்போலக் கையைத் தூக்கி, இரண்டு வருஷமாகச் சொல்லும் அதே சொற்களைச் சொன்னான். எர்லிந்தா எழுந்து அவன் விரல் போன திசையிலேயே நடந்தாள். பெஞ்சைத் தொட்டாள், இல்லை என்று தலையாட்டினான். குடத்தைத் தொட்டாள், விளக்குமாற்றைத் தொட்டாள், இல்லை, இல்லை. கதவைத் தொட்டாள். அவன் பாதி எழுந்துவிட்டான். அவள் கதவைச் சாத்தினாள். மலைக்காற்று நின்றது. பெலிசாரியோ கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டு, முதன்முறையாக ஆறாமல் இருந்த சூப்பின் வாசனையைக் கண்மூடி முகர்ந்தான்.

குளிர்கிறது, கதவைச் சாத்துங்கள். அவ்வளவுதான். முப்பது வருஷமாக இந்த ஊரில் செத்த அத்தனை பேரும் கெஞ்சியது அவ்வளவுதான். நாங்கள் மரியாதை என்று கதவைத் திறந்துவைத்து, மரியாதை என்று தலையைக் குனிந்துகொண்டு, அந்த விரல் எங்கே போகிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொமித்திலா எழுந்துபோய்க் கதவை மறுபடி திறந்தாள். ஊர் பார்க்க வேண்டும், இன்னும் ஒரு வாரம் பொறு என்றாள். பெலிசாரியோ திட்டினான். அதுவரை கேட்காத சொற்களாக இருந்ததால் எர்லிந்தா அவற்றையும் சுவரில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மடத்து வண்டி தெருவில் நிற்க, பாதிரியார் வீட்டுக்குள் வந்தார். பின்னால் பாதி ஊர். பெலிசாரியோ கையைத் தூக்கிப் பேசினான். பாதிரியார், சாலையைக் காட்டுகிறான் பாருங்கள், பெண்ணை வண்டியில் ஏற்றச் சொல்கிறான் என்றார்.

எர்லிந்தா, "எங்கப்பா அத சொல்லல சாமி" என்றாள்.

"பூசைப் புத்தகத்தப் படிச்சவன் நானா நீயா?"

"நீங்கதான் சாமி. அதனாலதான் உங்களுக்குப் புரியல."

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். பெலிசாரியோ பேச்சை நிறுத்திக் கையை இறக்கினான். திறந்தாள், கை மேலே போயிற்று, பேச்சு தொடங்கியது. சாத்தினாள், இறங்கியது. மூன்றாவது தடவைக்குப் பிறகு மொழிபெயர்க்க ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், ஐயோ எங்கப்பா என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஆற்றங்கரை வரை கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

வெனான்சியோ மட்டும் நின்று, மடத்தைப் பற்றிப் பெலிசாரியோவை இப்போதாவது கேட்டுவிடேன் என்றான். "உசுரோட இருக்கற பொண்ணப் பத்தி செத்தவர என்ன கேக்கறது? அனுப்பச் சொன்னாலும் அனுப்பமாட்டேன்" என்றாள் தொமித்திலா. வண்டி காலியாகப் போயிற்று. எர்லிந்தா பின்னாளில் நகரத்துக்குப் போனாள்தான், இருபது வயதில், தானாக ஆசைப்பட்டு. சந்தையைப் பார்த்துவிட்டு எட்டு நாளில் திரும்பி வந்தாள்.

பாதிரியார் அதன் பிறகு யார் வீட்டுக்கும் போகவில்லை. மார்ச் மாதம் தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் தொமித்திலா வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் பின்னால் அவருடைய அம்மா நின்றாள். செத்துப் பத்தொன்பது வருஷம் ஆனவள். திங்கட்கிழமைகளில் அவர் ஏன் தன் வீட்டில் தங்கியதே இல்லை என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

"நானும் கதவைச் சாத்திப் பாத்துட்டேன் தொமித்திலா. எங்கம்மா நிறுத்த மாட்டேங்கறாங்க. வேற என்னமோ சொல்றாங்க. எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல, யாருதும் புரிஞ்சதில்ல. நீ கேட்டுச் சொல்லேன்."

"மாட்டேன் சாமி. அடுத்தவங்க வாயால கேட்டது இந்த ஊருக்குப் போதும். நீங்களே கேளுங்க."

அவள் மரக்கரண்டியை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். குருமடத்தில் பத்து வருஷம் படித்த மனுஷர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அடுப்புப் பக்கத்துச் சுவரிலிருந்து தொடங்கினார். தவறாகச் சொன்ன இடத்திலெல்லாம் அவர் அம்மாவும் பெலிசாரியோவும் சேர்ந்து திருத்தினார்கள். எட்டு மாதம் ஆயிற்று.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பாதிரியார் வீட்டிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. அவர் குரலும் ஒரு வயதான பெண்ணின் குரலும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு லத்தீனில் சண்டை போட்டன. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். தொமித்திலா கூடையை இறக்கி வைத்துவிட்டு, நல்லா வந்துடுச்சு அவருக்கு என்றாள். சண்டை மாலை மணி வரை நடந்தது. எதைப் பற்றி என்று ஊரில் யாருக்கும் தெரியாது; கதவு சாத்தியிருந்தது.