மாவும் பாவும்

கூட்டுறவுச் சங்கத்து மாடியில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலைப் பார்த்த மேசைக்குப் பின்னால், முகத்தில் வெளிச்சம் விழ, சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஆதிகேசவன். அவருக்கு எதிரே மூன்றடி தள்ளி முக்காலியில் ஏலவார்குழலி. அந்தக் காதில் எதுவும் விழாதிருக்க, அவள் வலது காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் காகிதத்தைத் தேய்த்தபடி பக்கத்தில் நின்றவர் கம்பவுண்டர் அர்ஜுனன். சுவரோரப் பெஞ்சில் அவள் கணவன் மயில்வாகனம், மடியில் குடையோடு.

1969 ஐப்பசி. ஓட்டைவிழுந்த காதுச் சவ்வை ஒட்டும் ஆபரேஷனைப் பற்றிச் சென்னையில் நடந்த ஆராய்ச்சியில் டாக்டரும் ஒருவர். குழலியின் இடது காதில் ஆறு மாதம் முன்பு அதைச் செய்திருந்தார்கள். அந்தக் காது தேறியிருந்தால், அடுத்த மாதம் எட்டாம் தேதி வலது காதிலும் செய்வதாக ஏற்பாடு. அவளுக்குக் கொஞ்சநஞ்சம் கேட்பது அந்த வலது காதில்தான்.

டாக்டர் தாளைப் பார்த்து, நிமிர்ந்து, அதிலிருந்த பத்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்தையும் அவள் தயங்காமல் திருப்பிச் சொன்னாள். பஞ்சை எடுத்ததும் அர்ஜுனன் சிரித்தார்.

"டாக்டர் மாவுன்னாரு, நீ பாவுன்ன. மல்லின்னாரு, நீ பல்லின்ன. தறியும் பெருமாள் கோயிலும்தாம்மா உன் காதுல குந்திக்கினு இருக்குது."

நெசவுக்காரி வாயில் தறியில் ஏற்றும் பாவும், காஞ்சிபுரத்துக்காரி வாயில் கோயில் தங்கப் பல்லியும் வருவது ஊர்ப்பழக்கம் என்று டாக்டரும் சிரித்து, இரண்டுக்கும் சரி போட்டார். பத்துக்குப் பத்து.

குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில், கணவனுக்கு மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளுகிறவள் அவள். நாலு தறி ஓடும் இரைச்சலில் பதினோரு வருஷமாக மயில்வாகனத்தின் உதட்டைப் பார்த்தே வேலை செய்கிறாள். சொன்னது புரிந்தால் கேட்டுவிட்டதாகத்தான் அவளும் இதுவரை நினைத்திருந்தாள். மாவு, பாவு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறந்தது.

"சார், வாய மறைச்சிக்கினு ஒருதரம் சொல்லுங்க." பஞ்சை எடுத்துத் தன் வலது காதில் தானே அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் மேசையிலிருந்த ஓர் அட்டையை வாய்க்கு நேராகப் பிடித்தார். அர்ஜுனன் மறுபடி காகிதத்தைத் தேய்த்தார். அட்டை இறங்கும்வரை அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. தெரியவில்லை என்றாள்.

"சவ்வு அழகா ஒட்டியிருக்கும்மா. அடுத்த ஆபரேஷனுக்குப் பயந்துகிட்டு மாத்திப் பேசறே."

"சவ்வு ஒட்டிக்கிச்சு சார். சத்தம் ஒட்டல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் எழுந்தார். முன்பு எழுதியதை அடிக்கவில்லை.

வீடு வரும்வரை மயில்வாகனம் அவளைக் கடிந்துகொண்டான். படித்தவரை எதிர்த்துப் பேசலாமா, முப்பது பேருக்குச் செய்த கைக்குத் தெரியாதா என்றான். அவள் தெருவிலேயே நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க காதையா அறுக்கறாங்க?"

மறுநாள் காலை தறியில் உட்காராமல், எட்டாம் வகுப்பில் பழகிய கையெழுத்தில் எழுதினாள். ஆபரேஷன் சீட்டின் தலைப்பில் இருந்த ஆராய்ச்சித் தலைவரின் விலாசத்துக்கு.

'ஐயா, என் இடது காது கேட்பதாக எழுதியிருப்பது தப்பு. கேட்டது காது அல்ல, கண். மாவை நான் பாவு என்றதே அதற்கு அத்தாட்சி. உங்கள் ஆட்களை எனக்குப் பின்னால் நின்று பேசச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று திருத்தி எழுதுங்கள். என்னைப்போல் மற்ற நெசவுக்காரர்களையும் மறுபடி சோதியுங்கள். எட்டாம் தேதி நான் வரமாட்டேன். என் வலது காதைத் தரமாட்டேன்.'

மயில்வாகனம் வாங்கிப் படித்தான். எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் வலது காதை அழுத்திப் பொத்திக்கொண்டாள். மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாவது முறைக்குத் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து பார்த்தது. அவள் திரும்பவில்லை.

அவன் முன்னால் வந்து பேனாவை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே 'சாட்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தபாலாபீசில் இதற்கு ரிஜிஸ்டர் எதற்கு, சாதாரணத் தபாலே போய்ச் சேரும் என்றார் குமாஸ்தா. குழலி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே உறையின் வாயைப் பசை தடவி ஒட்டினாள்.

"கிடைக்கலன்னு அவங்க சொல்லக்கூடாது. கையெழுத்து வாங்கி அனுப்பற அட்டையும் வெச்சி அனுப்புங்க."

அவர் முத்திரை குத்தி உறையைச் சென்னைப் பைக்குள் போட்டார்.