சர்வேயர் ஜெயித்த செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் போக்கர் ஆடுகிறவர்கள் கிழமைகளை வைத்துத்தான் ஆடுவார்கள். தோற்றவரின் கிழமை ஜெயித்தவருக்குப் போய்விடும். பெரும்பாலும் எல்லாரும் செவ்வாயைத்தான் வைப்பார்கள். அன்றைக்கு நல்ல காரியம் எதுவும் செய்வதில்லை என்பதால் போனாலும் போகட்டும் என்று ஒரு தைரியம்.

நானும் பழக்க தோஷத்தில் அடுத்து வரும் செவ்வாயை வைத்தேன். என் கையில் மூன்று ராணிகள். எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் கோதண்டபாணியிடம் ஐந்து சீட்டும் ஆட்டின்; மூன்று ராணிகளைவிடப் பெரிய கை. அவர் சீட்டை விரித்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கும் என் மகள் யாழினிக்கு டாக்டர் சொல்லியிருந்த தேதி அந்தச் செவ்வாய்தான்.

ஆனால் மன்றத்தில் தோற்றவர் ஒரு வாரத்துக்கு முகம் சுளிக்கக் கூடாது. செயலாளர் அற்புதமேரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். சுளிப்பு தென்பட்டால் இன்னொரு கிழமையும் போகும். ஜவுளிக்கடை மாசிலாமணி உதட்டைக் கொஞ்சம் பிதுக்கியதற்கு நல்ல வெள்ளிக்கிழமை ஒன்றை இழந்தவர். நான் கோதண்டபாணியின் கையைக் குலுக்கி, "நல்ல ஆட்டம் சார்" என்றேன். அற்புதமேரி என் நெற்றியில் ஆரம்பித்துத் தாடை வரை பார்த்தார்.

"இடது புருவம் லேசா துடிக்குதே?"

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க."

எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

தோற்ற கிழமையை எப்படிப் புழங்குவது என்று ஜெயித்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் தோற்றவரின் பொறுப்பு. திங்கள் மாலை கோதண்டபாணி நோட்டும் பென்சிலுமாக வீட்டுக்கு வந்தார். பால் எத்தனை மணிக்கு வரும், மோட்டார் சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினால் ஓடும் என்று எல்லாம் சொன்னேன். ஆயுள் முழுக்க நிலம் அளந்தவர் ஆதலால் எதையும் கிரமமாகக் கேட்டார்.

"வலி வந்தா ஆட்டோ செங்குட்டுவனைக் கூப்பிடுங்க. பள்ளம் பார்த்து மெதுவாப் போவாரு."

"சரி."

"அவளுக்கு ஊசின்னா பயம். கையைப் பிடிச்சுக்கணும்."

"எந்தக் கை?"

"இடது கை. வேற பக்கம் பாக்கச் சொல்லிட்டு, நம்ம வீட்டு ஆட்டுக்குட்டி பேரு என்னன்னு கேளுங்க. அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஊசி போட்டுருவாங்க. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

"பேரு என்னங்க?"

அதைச் சொல்ல மட்டும் எனக்கு மனசே வரவில்லை. மறைத்தாலும் சுளிப்புதான்.

"ஜிலேபி" என்றேன். எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை படுத்தவன் புதன் காலை எழுந்தேன். இரண்டு நாள் தாடி இருந்தது. செவ்வாய்க்கிழமைப் பேப்பரின் குறுக்கெழுத்தை யாரோ பென்சிலால் நிரப்பியிருந்தார்கள். ஏழாவது தப்பு. என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பேத்தி. நேத்து மதியம் ரெண்டு பத்துக்கு."

"சர்வேயர் எப்படி?"

"வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்தாரு. நீங்களா இருந்தா பெஞ்சுல உட்கார்ந்து தூங்கியிருப்பீங்க."

"யாழினி அவரை என்னன்னு கூப்பிட்டா?"

"செவ்வாக்கிழமைல என்னன்னு கூப்பிடுவா? அப்பான்னுதான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகம் சுளிக்கக் கூடாத கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருந்ததால் சவரம் செய்யப் போனேன்.

ஆஸ்பத்திரியில் பேத்தி கையை மூடிக்கொண்டு தூங்கினாள். யாழினியின் இடது உள்ளங்கையில் பென்சில் கரி ஒட்டியிருந்தது. அவர் பென்சிலைக் கீழே வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

சனிக்கிழமை கோதண்டபாணி தூக்குவாளியோடு வந்து நின்றார். ஜெயித்ததைத் திருப்பிக் கொடுக்க மன்ற விதியில் இடமில்லை. பண்டம் கொடுத்துப் பழகுவதற்குத் தடையில்லை.

"பாப்பாவோட முதல் அழுகைங்க. நர்ஸம்மா கதவைத் திறந்ததும் பிடிச்சு மூடிட்டேன். ஆட்டுக்குட்டி பேரு வரைக்கும் சொல்லிக்குடுத்தீங்களே, நானே வச்சுக்க மனசு கேக்கல."

சமையலறையில் வைத்து மூடியைத் திறந்தோம். அழுகை முழுசாக எழுந்து, மசாலா டப்பாக்கள் அதிர ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியே போய்விட்டது. கெடு முடிந்திருந்ததால் நானும் கூடவே அழுதேன்.

"கொஞ்சம் ஆறிப்போச்சு. அன்னைக்கு இன்னும் சூடா இருந்துச்சு" என்றாள் மனைவி.

தூக்குவாளியைக் கழுவித் துடைத்தாள். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையை எடுத்து, சாப்பாட்டுக்குப் பிந்தைய பகுதியாகப் பார்த்து ஒரு பெரிய துண்டு வெட்டி, வாழையிலையில் சுற்றி உள்ளே வைத்தாள். வாசலில் காத்திருந்த கோதண்டபாணியிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பேத்தியைக் குளிப்பாட்டற நேரமும் இதுலதான் இருக்கு. தலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும் சார்" என்றேன்.

அவர் நோட்டை எடுத்தார்.