தம்பி விட்டுப்போன உறை

எங்கள் தீவில், ஜோலோ கடைத்தெருவில், என்னைப் பாரோங் பைத்தியக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாரோங் வாளில் பழசு எது, பழசுபோலப் பண்ணினது எது என்று என்னிடம் யாரும் காது குத்த முடியாது. ஜீப் வில்லுத் தகட்டை அடித்து, எலுமிச்சைச் சாறு பூசி, மண்ணில் புதைத்து எடுத்துவந்து, தாத்தா காலத்து வாள் என்று கூசாமல் சொல்வான்கள். நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவேன். சத்தத்திலேயே சாயம் வெளுத்துவிடும். போய் வேறு வேலையைப் பாருடா என்று அனுப்பிவிடுவேன்.

நல்ல வாளாக இருந்தால் விலை பேசுமுன் உள்ளே எடுத்துப் போய் என் தம்பியின் உறையில் செருகிப் பார்ப்பேன். இரண்டு பலகையை ஒரே ஒரு வாளின் வளைவுக்கென்று குடைந்து, பிரம்பால் கட்டின உறை அது. வேறு வாள் சேராது. சேராவிட்டாலும் வாங்கிவிடுவேன், அதுவும் யாரோ பெற்ற பிள்ளையின் வாள்தானே. சுவர் நிறைந்தது அப்படித்தான்.

தம்பி பெயர் ஜும்தாயில். பட்டாளம் குண்டு போட்டு ஊர் எரிந்த வருஷம் சண்டைக்குப் போனான். திரும்பிவர நினைக்காதவன் உறையை வீட்டில் விட்டுப்போவான். அவனும் வாசலில் நின்று அதை அம்மா கையில் கொடுத்தான். தெருவே அழுதது. என்ன பிள்ளை அவன்! மீன் பொரியும்போதே சட்டியிலிருந்து திருடித் தின்றுவிட்டு, வாய் வெந்து குதிப்பான். அந்தக் குதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, பின்னாலேயே அழுகையும். அம்மா சாகும்வரை அந்த வெற்று உறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். வாள் கிடைத்தால் அவன் விழுந்த இடம் தெரியும், அங்கே போய்க் குர்ஆனிலிருந்து ஒரு யாசீன் ஓதலாம். இத்தனை வாளும் நான் வாங்கியது அதற்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை, கடலுக்கு அந்தப் பக்கம் சண்டகானிலிருந்து முப்பது வயசு ஆள் ஒருவன் வந்தான். பழைய பாரோங், புது உறை. உருவி உள்ளே கொண்டுபோய்த் தம்பியின் உறையில் செருகினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

வெளியே வந்து, எந்தப் பிணத்திடமிருந்து எடுத்தாய் என்று கேட்டேன்.

“பொணமா? எங்கப்பாவோடதுங்க. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல வேலை பாக்குறாரு.”

அப்பன் பெயரைக் கேட்டேன், ஜும்தாயில் என்றான். குண்டுபட்டுக் கிடந்தவனை யாரோ படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்களாம். பிழைத்தான், கல்யாணம் பண்ணினான், அங்கே கிடைத்த மரத்தில் புது உறையும் செய்துகொண்டான். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. உறையைக் கொடுத்துவிட்டு வந்தவன் எந்த மூஞ்சியோடு உயிரோடு வாசலில் நிற்பது என்பானாம். அடப்பாவி! மூஞ்சியா கேட்டோம் உன்னை? நொண்டியாக வந்திருந்தாலும் தூக்கி வைத்துச் சோறு போட்டிருப்போமே. ஆத்திரத்தில் அழுதேன், சந்தோஷத்திலும் அழுதேன். எது எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

வருகிற வாளையெல்லாம் ஓர் உறையில் செருகிப் பார்க்கிற பெண்பிள்ளை ஜோலோவில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் மகனை அனுப்பியிருக்கிறான். வாளை என்ன விலைக்குக் கொடுக்கச் சொன்னான் என்று கேட்டேன்.

“விக்கச் சொல்லல அத்தே. அம்மா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இருந்தா, வந்து கால்ல விழறேன்னாரு.”

வாளைத் தம்பியின் உறையோடு துணியில் சுற்றினேன்.

“அம்மா இருக்காளா இல்லையான்னு நீ சொல்ல வேணாம்பா. நானே வந்து சொல்றேன். கப்பல் என்னிக்கு?”