ஏழாவது படத்தின் விளக்கு

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. புகைப்படக்காரர்களின் இணையதளங்களில் எவை நன்றாக இருக்கின்றன, எவை ஏன் சொதப்புகின்றன என்று ஒரு சிற்றிதழ் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. சில வாக்கியங்கள் எழுதினேன். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன்: பார்ப்பவருக்கும் படத்துக்கும் நடுவே வேறெதுவும் நிற்காத தளமே நல்ல தளம்.

எழுதிவிட்டுத் திமிராக நாற்காலியில் சாய்ந்தேன். அப்போதுதான் கீர்த்தி வந்து நின்றாள். கையில் ஒரு ஃபிளாப்பி. "அப்படின்னா எங்கப்பாவை என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

(கீர்த்தியை இப்போதுதான் கற்பனை செய்தேன். அதற்குள் கேள்வி கேட்கிறாள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மயிலாப்பூரின் கோபுரம் நனைந்து

வேண்டாம். கோபுரம் நனைந்தால் கதைக்கு என்ன வந்தது?

இரண்டாம் முயற்சி: அச்யுத் வீட்டில் இணையம் ஓடினால் தொலைபேசி வேலை செய்யாது.

இது பரவாயில்லை. ஆண்டு 1999. வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டின் கூடத்தில் கணினி. அச்யுத் கீர்த்தியோடு கல்லூரியில் படித்தவன், இணையதளம் செய்யத் தானாகக் கற்றுக்கொண்டவன். கீர்த்தி புகைப்படம் எடுப்பவள். தி.நகரில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. வெளியூர்ப் புகைப்படப் பயிற்சி நிலையம் ஒன்று, விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் படங்களை இணையதளத்தில் காட்டினால் போதும் என்று அறிவித்திருந்தது. ஓராண்டுப் படிப்பு, உதவித்தொகையோடு. கீர்த்திக்கு அதைவிட்டால் கடைக் கல்லாதான்.

அச்யுத் முதலில் செய்து காட்டியதைப் பார்த்து அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கறுப்பு வானத்தில் மினுக்கும் நட்சத்திரங்கள். 'வருக வருக' என்று ஓடும் எழுத்து. வீணை இசை. வந்துபோனவர்களை எண்ணும் கருவி. அதையெல்லாம் தாண்டி உள்ளே போனால், தங்கச் சட்டத்துக்குள் தபால்தலை அளவில் அவளுடைய படங்கள்.

"படம் எங்கடா இருக்கு?"

"எல்லா சைட்லயும் இப்படித்தான் வச்சிண்டிருக்கா."

"கல்யாண ஆல்பம் மாதிரி இருக்குடா. பொண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூக்குள்ள தெரிவாங்களே, அந்த மாதிரி."

அச்யுத்துக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் ரோஷக்காரன். எல்லாவற்றையும் களைந்தான். சாம்பல் பின்னணி, ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஓர் அம்புக்குறி, ஓரமாக அவள் பெயர். மொத்தம் பன்னிரண்டு படங்கள். பதினொன்றில் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் தி.நகர்க் கடைகள். ஏழாவதில் அவள் அம்மா தங்கபுஷ்பம்.

(இங்கே கட்டுரைக்காரன் குறுக்கிடுகிறான்: பெரிய படம் தொலைபேசிக் கம்பி வழியே இறங்க வெகுநேரம் பிடிக்கும். பார்க்க வந்தவரைக் காக்க வைப்பது மோசமான வடிவமைப்பு. அச்யுத் மற்ற படங்களையெல்லாம் இளைக்க வைத்தான். ஏழாவதில் கைவைக்கக் கீர்த்தி விடவில்லை.)

"இவ்ளோ நாழி யாரு காத்துண்டிருப்பா?"

"காத்திருக்கட்டும்."

3

கீர்த்தியின் அப்பா சிதம்பரநாதனை முதலில் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். 'மனைவியின் கடைசிப் படத்தை ஏறெடுத்தும் பாராத அந்த மனிதர்' என்று தொடங்கி, வெட்கப்பட்டுப் பாதியில் விட்ட வாக்கியம் அது. பார்க்காமல் இருந்தது உண்மை. காரணம்தான் வேறு.

தங்கபுஷ்பத்துக்குப் புற்றுநோய். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. கடை மூடியிருந்த ஒரு நாள், துணிக்கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, தலையில் சுற்றியிருந்த துண்டை அவளே அவிழ்த்தாள். "பொட்டாவது வச்சுக்கோம்மா" என்றாள் கீர்த்தி. "வேண்டாம்ட்டி. இருக்க மாதிரியே எடு."

தங்கபுஷ்பம் போன பிறகு சிதம்பரநாதன் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார். பழைய கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, பட்டுச்சேலையும் நகையும் பொட்டும் வரைந்து பெரிதாக்கச் சொல்லி, கூடத்தில் மாலை போட்டு மாட்டினார். கீர்த்தி எடுத்த படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து சோறூட்டியவர் அவர். அந்த முகத்தை அவருக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.

4

அப்பா வேண்டாம் என்றால் ஏழாவதை எடுத்துவிடுவதென்று கீர்த்தி முடிவு செய்திருந்தாள். எடுத்தால் மிஞ்சுவது பூட்டிய கடைகள் மட்டும். அவளைப் பொறுத்தவரை அத்தனை கடைகளும் அந்த ஒரு முகத்தைச் சுற்றித்தான் நின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அப்பாவை மயிலாப்பூருக்கு அழைத்து வந்தாள்.

"உக்காருங்கோ மாமா" என்று அச்யுத் நாற்காலி போட்டான். தளத்தை ஏற்றியாகிவிட்டது. இணையத்திலிருந்தே திறந்தான். ஏழாவது படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் நின்றுபோன மின்விசிறி. பிறகு துணி அடுக்கிய அலமாரி. நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு முடியில்லாத தலை.

எழுந்து போய்விடுவார் என்று கீர்த்தி பயந்தாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெறும் நெற்றி. புருவம் இருந்த இடம். கண்கள். முழுப்படமும் ஒரேயடியாக வந்திருந்தால் தலையைத் திருப்பியிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் அவரால் தாங்க முடிந்தது. (மோசமான வடிவமைப்பு என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

"சிரிக்கால்லா" என்றார்.

அச்யுத் பக்கம் திரும்பி, "சரி, போடு. ஒண்ணே ஒண்ணு தம்பி. பக்கத்துல ஒரு விளக்கு வச்சிரு."

அச்யுத்திடம் அசையும் விளக்குப் படம் ஒன்று இருந்தது. ஏதோ கோயில் தளத்துக்காகச் சேர்த்து வைத்தது. மஞ்சள் சுடர் ஓயாமல் ஆடும். கேட்ட மாத்திரத்தில் வைத்துவிட்டான். இறந்தவர் படத்துக்கு விளக்கு வை என்றால் நம்மில் யார் யோசிப்போம்? சிதம்பரநாதன் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

கீர்த்தியின் கண்ணுக்கு ஏழாவது பக்கம், செய்தித்தாளில் வரும் நினைவஞ்சலி ஆகிவிட்டிருந்தது.

"அப்பா, விளக்கு வச்சா அம்மா செத்துருவாப்பா. இந்தப் படத்துல அவ உசுரோட இருக்கா."

"தெரியும்ளா. ஊரு பேரு தெரியாதவுகல்லாம் பாக்கப் போறாவ. மொட்டத் தலையும் வெறும் நெத்தியுமா அவ ஒத்தையில இருக்கணுமா? தொணைக்குத்தான் கேக்கேன்."

5

முடிவு அ: அச்யுத் கீர்த்தியைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறான். "ரெண்டு பக்கமா பண்ணிடறேன். மாமாவுக்கு விளக்கோட ஒண்ணு, செலக்ட் பண்றவாளுக்கு விளக்கில்லாம ஒண்ணு. உங்காத்துல கம்ப்யூட்டரா இருக்கு?" எனக்கும் இதே யோசனைதான் வந்தது. கதையை முடித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருக்கலாம். "அப்பாவுக்கு ஒரு அம்மா, ஊருக்கு ஒரு அம்மாவாடா?" என்று கீர்த்தி கேட்டுவிட்டாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: விளக்கை எடுக்கிறாள். இடம் கிடைக்கிறது. ரயில் நிலையத்தில் அப்பா [இதற்கு மேல் எழுத வரவில்லை. அவர் வழியனுப்ப வந்தாரா என்றே எனக்குத் தெரியவில்லை.]

முடிவு இ: விளக்கு ஆடுகிறது. தேர்வுக்குழுவில் ஒருவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த தளத்துக்குப் போகிறார். அல்லது போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நடுவே எதுவும் நிற்கக் கூடாது என்று எழுதினேனே, அந்த வாக்கியத்தில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. அந்த விளக்கு நடுவே நிற்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா என்பதுதான் பிடிபடவில்லை. இருக்கிற மாதிரியே எடு என்றாள் தங்கபுஷ்பம். இப்போது சிதம்பரநாதனிடம் அவள் இருப்பது விளக்கோடுதான்.

மாலையாகிவிட்டது. ஃபோன் பேசணும் என்று அச்யுத்தின் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சிதம்பரநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு, மகள் வரட்டும் என்று வாசலில் நிற்கிறார். கீர்த்தியின் கை மௌஸின் மேல் அப்படியே இருக்கிறது. எடுக்கவோ வைக்கவோ எனக்கு மனசு வரவில்லை. நான் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். விளக்கை எடுத்தால், வாசலில் நிற்பவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வைத்தால், திரையில் சிரித்துக்கொண்டிருப்பவளிடம் சொல்லுங்கள்.