ஈரத் தரையில் ஒரு சுவடு

சிமெண்ட் தரை போடுகிறவன் உள்ளிருந்து தொடங்கி, இழைத்துக்கொண்டே வாசலுக்குப் பின்வாங்க வேண்டும். ஈரத்தில் கால் சுவடு விழுந்தால் வேலை பாழ். தம்பிக் கொத்தனார் இதில் படு கறார். ஒருமுறை வீட்டுக்காரரே ஈரத்தில் கால் வைக்கப் போனபோது, "வீடு உங்களது, காயிற வரைக்கும் தரை என்னது" என்று கையைப் பிடித்து வெளியே விட்டவன்.

அந்தத் தம்பி இறந்து சில வாரம் கழித்து, பாதியில் நின்ற வீட்டுக்கு அண்ணன் கொத்தனார் தனியாக வந்து சிமெண்டைக் குழைத்தார்.

"கூடத்துல உங்க தம்பி கால் சுவடு அப்படியே காஞ்சு கிடக்கு. இருந்த சுவடே தெரியாம பூசிடுங்க மேஸ்திரி. பார்க்கவே என்னமோ பண்ணுது" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

பெற்ற அம்மா யார் வீட்டில் இருப்பது என்று அண்ணன் தம்பிக்குள் முன்பே சண்டை. இரண்டு பேருமே "என்கிட்டதான்" என்றார்கள். அதன்பின் ஒரே கட்டடத்தில் வேலை செய்துகொண்டு சித்தாள் வழியாகத் தூது. "அவருக்கு மணல் போதுமான்னு கேளு." கேட்கும் தூரத்தில்தான் அந்த 'அவர்' நிற்பார். சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள் போங்கள்.

தம்பி இறந்த அன்று அண்ணன் பின்பக்கம் சமையலறையில் இருந்தார். தம்பி கூடத்தை முடித்து வாசலுக்கு வந்திருந்தான். தொப்பென்ற சத்தத்துக்குத் திரும்பினால், சமையலறை நிலைப்படியில் தம்பி கிடந்தான். அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியதுதான் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி சேருமுன்பே மூச்சு நின்றுவிட்டது. கோபத்தோடே போய்விட்டானே என்று அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கூடத்தைப் பார்த்தார். சுவடுகள் வாசலடியில் தொடங்கின. ஒரு எட்டு வைத்தால் தெரு. அங்கே அன்று லாரி நின்றது, ஆட்களும் இருந்தார்கள். அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. கூடம் முழுக்கக் குறுக்காக, ஒரு காலை இழுத்து இழுத்து, சமையலறைக்கு வந்திருந்தான்.

அவர் உட்கார்ந்துவிட்டார். தம்பி மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரான்னு கேட்டியேம்மா."

"ஆமா மாமா."

"ஒண்ணும் சொல்லல. ஆனா என்னைத் தேடித்தான் வந்திருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஈரத் தரையை மிதிச்சுக்கிட்டு வந்திருக்கான்மா."

அவள் கொத்தனார் மனைவி. அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. அழுதாள். அவரும் அழுதார்.

"பூசிடாதீங்க மாமா," என்றாள். "அத்தையைக் கூட்டிக்கிட்டு வரேன். அவங்க பார்க்கட்டும்."

குழைத்து வைத்த சிமெண்ட் இறுகத் தொடங்கியது. இறுகட்டும் என்று விட்டுவிட்டார்.